இழை: தோட்டப்பட்டணத்தின் பழைய லயங்களும் கடைவரிசையும் – மறுமேம்பாடு வருமுன் செய்ய வேண்டியவை

#1 லயத்துவாசல்

வணக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்பட்டணம் ஒன்றைப் பற்றிக் கேட்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் பலகை லயம் (வரிசை வீடு) மூன்று வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கதவு, ஆக 36 கதவு. கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) குடியிருந்த செங்கல் வீடு நான்கு. பெரிய சாலையை ஒட்டி மாடிக் கடை பதினொன்று. லயத்துக்கும் கடைக்கும் நடுவில் மாரியம்மன் கோயில், ஓர் அரசமரம், ஒரு பொதுக் கிணறு.

தோட்ட நிலம் கைமாறிவிட்டது. கடைகளுக்குத் தனித்தனி கிராண்ட் (நில உரிமைப் பத்திரம்) இருக்கிறது. நகராண்மைக் கழகம் பார்வைக்கு வைத்திருக்கும் உள்ளூர்த் திட்ட வரைவில் இந்த இடம் முழுவதையும் மறுமேம்பாடு என்று ஒரே நிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். கட்டடத்தையும் குடியிருப்பவர்களையும் அதே இடத்தில் வைத்துக்கொண்டு புதுப்பிக்க வழி உண்டா? எதில் தொடங்குவது? தெரிந்தவர்கள் செய்முறையாகச் சொல்லுங்கள்.

#2 அளவைக்கல்

நில அலுவலகத்தில் தேடல் எடுப்பதுதான் முதல் வேலை. ஒவ்வொரு லாட்டுக்கும் (நில மனைக்கும்) தனியாக எடுங்கள். பதிவு பெற்ற உரிமையாளர் யார், பயன்பாட்டு வகை விவசாயமா கட்டடமா, அடமானம் உண்டா, கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) உண்டா என்று நான்கையும் ஒரு தாளில் எழுதி வரைபடத்தோடு ஒட்டிவையுங்கள். நாம் ஒரே ஊராகப் பார்ப்பது சட்டத்துக்கு நாலைந்து துண்டு. துண்டுக்குத் துண்டு வழி வேறு.

தோட்ட நிலம்: ஒட்டினாற்போல் கிடக்கும் விவசாய நிலம் 40 ஹெக்டருக்குக் குறையாமல் இருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு அதைத் தோட்ட நிலமாகவே கொள்ளும். கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதல் வாங்கப்பட்டதா, என்ன நிபந்தனையோடு என்று எழுத்துமூலம் கேளுங்கள். குடியிருப்பு, கோயில் பற்றி அதில் ஒரு வரி இருந்தாலும் அது பிறகு பெரிய பிடி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐம்பது அறுபது வருடம் குடியிருந்ததால் நிலம் தானாக நம் பெயருக்கு வராது. 48ஆம் பிரிவு அரசு நிலத்துக்கும், 341ஆம் பிரிவு கிராண்ட் உள்ள நிலத்துக்கும் அந்த வழியை அடைத்துவிட்டன. நீண்ட காலக் குடியிருப்பு பேச்சுவார்த்தைக்குப் பலம் தரும், உரிமைப் பத்திரம் தராது. அதனால் உரிமையாளரிடமிருந்து எழுத்தில் ஒன்றும் இல்லாமல் கேவியட் போட ஓடாதீர்கள். நிலத்தில் பதிவு செய்யத்தக்க உரிமைக் கோரிக்கை இல்லாவிட்டால் அது நீக்கப்படும், செலவுத்தொகையும் தலையில் விழலாம்.

உள்ளூர்த் திட்டம்: 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி வரைவு வெளிவந்த பின் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். கடைசி நாள் என்றைக்கு என்பதை இன்றே போய்ப் பார்த்து வாருங்கள். “எங்கள் பாரம்பரியத்தை அழிக்காதீர்கள்” என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் போய்ப் படுத்துவிடும். லாட் எண்களைக் குறிப்பிட்டு, இந்த லாட்டுகளை மறுமேம்பாட்டிலிருந்து எடுத்து 16பி பிரிவின் கீழ்ச் சிறப்புப் பகுதித் திட்டமாக வகுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பகுதியைப் பாதுகாத்துச் சீரமைக்கவும் அந்தப் பிரிவு இடம் தருகிறது. நேரில் விளக்கம் சொல்ல விரும்புவதாக ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

உள்ளூர்த் திட்டம் நடைமுறையில் இல்லாத இடத்தில், மேம்பாட்டாளர் திட்டமிடல் அனுமதி கேட்கும்போது 21(6) பிரிவின்படி அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு வரும். ஆட்சேபிக்க 21 நாள். அக்கம்பக்கம் என்பதில், 20 மீட்டருக்கு மேல் அகலமில்லாத சாலை அல்லது கால்வாய்க்கு அந்தப் பக்கம் உள்ள நிலமும் அடங்கும். அறிவிப்பு உரிமையாளருக்குத்தான் போகும், லயத்துக்கு வராது. பதினொரு கடை உரிமையாளர்களையும் முதலிலேயே உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். அவர்கள் ஆட்சேபித்தால்தான் பிறகு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகும் வழி திறந்திருக்கும்.

அரசமரத்தைத் தனியாக எழுதுங்கள். அதே சட்டத்தின் 35எச் பிரிவுப்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. அளந்து, படம் எடுத்து, தேதியோடு கொடுங்கள்.

#3 பெரட்டுமணி

அளவைக்கல் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தாக்கலான நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். 30 வருடத்துக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு சம்மதம், அதற்கு மேற்பட்டதற்கு 75, கைவிடப்பட்டதற்கு 51 என்பது அதில் இருந்த கணக்கு. இந்த விழுக்காடெல்லாம் உரிமையாளர்களை எண்ணுவது. லயத்தில் இருப்பவர்கள் உரிமையாளர் அல்லர். 36 கதவும் வேண்டாம் என்றாலும் அந்தக் கணக்கில் அது பூஜ்யம். ஆகவே சம்மத விழுக்காட்டை நம்பி உட்கார வேண்டாம். லயத்துக்குக் கவசம் வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளி தன் தொழிலாளிக்கு வீடு தரும்போது அந்த வீடு எப்படி இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. வேலை முடிந்தால் வீட்டுக்கான பிடிமானமும் போய்விடும். 1980ஆம் ஆண்டுப் பணிநீக்க விதிகள் தரும் தொகை சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 10, 15 அல்லது 20 நாள் சம்பளம். அதில் வீட்டுக்கு மாற்றாக ஒரு காசும் இல்லை. தனியாகப் பேசி, தனியாக எழுதி வாங்க வேண்டும்.

வாய்ச்சொல்லின் விலை என்ன என்பதற்கு நம் கண்முன்னே சாட்சி இருக்கிறது. பிராங் புசார் தோட்டத்தையும் அதை ஒட்டிய தோட்டங்களையும் எடுத்துத்தான் புத்ராஜெயா எழுந்தது; அங்கிருந்த ஏறக்குறைய 400 குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின. சுங்கை திங்கி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், மேரி, மின்யாக் ஆகிய தோட்டங்களின் 245 குடும்பங்கள் தரைவீட்டுக்காக இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தன. பினாங்கு கம்போங் புவா பாலா 2009இல் இடிபட்டது. மூன்றிலும் கட்டடத்தைப் பற்றிய வாதம் பிறகுதான் வந்தது, நிலமும் தாளும் அதற்கு முன்பே கை நழுவியிருந்தன.

அதனால் கதவுப் பதிவேடு ஒன்று தொடங்குங்கள். ஒரு கதவுக்கு ஒரு தாள். கதவு எண், அகலம், ஆழம், திண்ணை, பின்கொட்டகை, யார் இருக்கிறார்கள், எத்தனை தலைமுறை, கையில் என்ன ஆதாரம். ஆதாரம் என்றால் பழைய சம்பளச் சீட்டு, செக்ரோல் (தோட்டப் பெயர்ப்பதிவு, சம்பளப் பட்டியல்) நகல், தொழிற்சங்க அட்டை, தோட்ட முகவரி போட்ட பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, மின்சாரக் கட்டணச் சீட்டு. மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வாடகைக்கு வந்தவர் வேறு, தோட்டத்தில் உழைத்தவர் பிள்ளை வேறு. இதை முதல் நாளே பிரித்து எழுதாவிட்டால் மேம்பாட்டாளர் பிரித்து எழுதுவார், அவருக்கு வசதியானபடி.

#4 லயத்துவாசல்

நன்றி, பதிவேட்டைத் தொடங்கிவிடலாம். இரண்டு கேள்வி. மரபுடைமைச் சட்டத்தின் கீழ் அரசிதழில் ஏற்ற முடியுமா? கிராணி வீடுகளின் சுவரில் அடியிலிருந்து நாலடி உயரம்வரை சிமெண்டு பூசியிருக்கிறார்கள், அதற்குமேல் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. இடிந்துவிடும் நிலை என்று ஓர் அறிக்கை வந்தால் எப்படி எதிர்கொள்வது?

#5 அளவைக்கல்

முடியும், ஆனால் நாள் பிடிக்கும். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் 2006 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தனியார் நிலமென்றால் மரபுடைமை ஆணையர் குறைந்தது 60 நாள் முன்னதாக உரிமையாளருக்கு எழுத்தில் அறிவித்து, அரசிதழிலும் உள்ளூர் நாளிதழிலும் போட வேண்டும். மாநில அரசின் இசைவும் வேண்டும், ஏனென்றால் நிலம் மாநிலத்தின் கையில். அந்த 60 நாள் உரிமையாளருக்கும் எச்சரிக்கை மணிதான். அதற்குள் இயந்திரம் வந்துவிடாதிருக்க இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையும் சேர்த்தே கேட்க வேண்டும். சட்டம் இருந்தும் கோலாலம்பூர் போக் மாளிகை 2006 டிசம்பரில் தரைமட்டமானது. ஆக இதை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். உள்ளூர்த் திட்ட ஆட்சேபம் முதலில், மரபுடைமை மனு கூடவே.

மனுவில் தனிக் கட்டடங்களை அடுக்காதீர்கள். லயம், கிராணி வீடு, கோயில், கடைவரிசை, கிணறு எல்லாம் சேர்ந்து ஒரு தோட்டம் இயங்கிய முறையைக் காட்டுகிறது என்று வாதிடுங்கள். ஒற்றை லயம் என்று பார்த்தால் எந்த அதிகாரிக்கும் அது பழைய பலகைக் கொட்டகைதான். பழைய அளவை வரைபடத்தை ஜுப்பெமில் (நில அளவைத் துறையில்) கேட்டு வாங்குங்கள், தோட்டம் பற்றிய தொழிலாளர் துறைக் கோப்புகளை தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள்.

#6 சுண்ணாம்புக்காளவாய்

சுவர் உதிர்வதற்குக் காரணம் வயது அல்ல, அந்த நாலடி சிமெண்டுதான். பழைய செங்கல் சுவரைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். தரை ஈரம் சுவரில் ஏறும், சுவர் மூச்சு விட்டு அதை வெளியே தள்ளும். சிமெண்டு அந்த மூச்சை அடைக்கிறது. ஈரம் சிமெண்டுக்குப் பின்னாலேயே ஏறி, அது முடியும் இடத்தில் வெளிவந்து காய்கிறது. கூடவே வந்த உப்பு அங்கே படிகமாகி, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் உடைத்துத் தள்ளுகிறது. இன்னும் இரண்டடி உயர்த்திச் சிமெண்டு பூசினால் இன்னும் இரண்டடி மேலே உதிரும்.

செய்ய வேண்டியது இது. முதலில் வெளித்தரையைப் பாருங்கள். உள்தரையைவிட வெளியே மண் அல்லது சிமெண்டுத் தளம் உயர்ந்திருந்தால் வெட்டி, உள்தரைக்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே கொண்டுவாருங்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் கால்வாய்க்குப் போக வேண்டும். அதன்பின் சிமெண்டுப் பூச்சைச் சிற்றுளியால் தட்டி எடுங்கள். இயந்திரச் சுத்தியல் வேண்டாம், செங்கல் முகம் அதோடு பெயர்ந்து வந்துவிடும். உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளி வெளியே போடுங்கள். கழுவினால் திரும்பவும் சுவருக்குள் போகும். சுவரைச் சில மாதம் திறந்தபடி உலர விடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லாரும் பொறுமை இழக்கிறார்கள்.

உப்பு அதிகமிருந்தால் காகிதக் கூழைத் தூய நீரில் நனைத்து இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்தெடுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். பிறகு பூச்சு: நீற்றுச் சுண்ணாம்புக் களி ஒரு பங்கு, கழுவிய கூர்மணல் மூன்று பங்கு. கடல்மணலைத் தொடக்கூடாது. களியைக் குறைந்தது மூன்று மாதம் தண்ணீருக்கடியில் ஊறவைத்திருக்க வேண்டும். ஓர் அடுக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வெடிக்கும். முதல் அடுக்கு இறுகியபின் கீறிவிட்டு அடுத்ததைப் பூசுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வைத்திருங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை, தண்ணீர்ப் பால் போல மெல்லியதாக நாலைந்து கை. எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் செய்த வேலையெல்லாம் வீண்.

சுட்ட சுண்ணாம்புக்கு அலைய வேண்டாம், ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் மலைகளை நம்பி இயங்கும் ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. நீற்றும்போது சுண்ணாம்பைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள்.

அறிக்கை பற்றி: இடிந்துவிடும் என்று எழுதுபவர் சுவரின் சாய்வை அளந்தாரா, விரிசலுக்குக் கண்ணாடி அல்லது அளவுப்பட்டி வைத்துச் சில மாதம் பார்த்தாரா, அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தாரா என்று கேளுங்கள். உதிரும் பூச்சு கட்டமைப்புக் கோளாறு அல்ல. பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளரின் மாற்று அறிக்கை ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.

#7 உளியும்மட்டமும்

லயத்துக்கு வருகிறேன். கூர்மையான திருப்புளியால் ஒவ்வொரு கம்பத்தின் அடியையும் குத்திப் பாருங்கள். ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் இற்றுப்போகும். மேல் மரம் செங்கால் அல்லது பாலாவ் என்ற கனமரமாக இருந்தால் பெரும்பாலும் திடமாக இருக்கும், அடி ஓரடி ஒன்றரை அடிதான் போயிருக்கும். அதற்காக முழுக் கம்பத்தையும் மாற்றுவது வீண்செலவு.

இற்ற பகுதிக்கு மேலே நல்ல மரத்தில் 150 முதல் 300 மில்லிமீட்டர்வரை உள்ளே போய் வெட்டுங்கள். புது அடியைச் சரிவுப் பொருத்தாக இணையுங்கள். பொருத்தின் நீளம் கம்பத்தின் கனத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும், அதாவது 100 மில்லிமீட்டர் கம்பத்துக்கு 300. நாகம் பூசிய 12 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு. தூக்குவதற்கு ஜாக் வைக்கும்போது பக்கத்துக் கதவுகளின் கம்பத்துக்கும் முட்டுக் கொடுங்கள். வரிசை முழுக்க ஒரே உத்தரம் ஓடுகிறது, ஒரு கதவை மட்டும் உயர்த்தினால் நாலு கதவின் பலகை பிளக்கும். சில மில்லிமீட்டர் உயர்த்தி, நிறுத்தி, சத்தம் கேட்டு, பிறகு அடுத்தது. கம்ப அடிக்கும் காங்கிரீட் கட்டைக்கும் நடுவே தகரத் தொப்பி வையுங்கள். கறையானை அது கொல்லாது, ஆனால் மண் குழாயை வெளியே கட்டவைத்து நம் கண்ணுக்குக் காட்டிவிடும். ரப்பர் நிலத்தில் கறையான் பச்சை மரத்தையே தின்னும் சாதி. பழைய கித்தா (ரப்பர் மர) கட்டைகள் மண்ணுக்குள் கிடந்தால் தோண்டி எடுத்துவிடுங்கள். மெராந்திப் பலகையோ ரப்பர் பலகையோ மருந்தேற்றாமல் வெளிச்சுவருக்குப் போடாதீர்கள்.

பெரிய அபாயம் தீ. பன்னிரண்டு கதவுக்கும் கூரையடி ஒரே வெளி. ஒரு முனையில் பற்றினால் கூரைக்குள்ளேயே மறுமுனைவரை ஓடிவிடும். நான்கு கதவுக்கு ஒரு தடுப்பு, இரண்டு பக்கமும் சிமெண்டுப் பலகையும் நடுவில் பாறைக் கம்பளியுமாகத் தரையிலிருந்து கூரைத் தகரத்தின் அடிவரை முட்டவேண்டும். உட்கூரையோடு நிறுத்தினால் பயனில்லை. மின்கம்பி முழுவதும் புதிது. மின்கசிவு முறிப்பான் குளியலறைச் சுடுநீருக்கு 10 மில்லி ஆம்பியர், கைக்கருவி மாட்டும் முனைகளுக்கு 30.

கழிப்பறை, குளியலறை வீட்டோடு வேண்டும் என்று குடியிருப்பவர்கள் கேட்பது நியாயம். அதைத் தராத பாதுகாப்பை அவர்கள் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் வேண்டியதில்லை. ஒரு கதவு 3 மீட்டர் அகலம், திண்ணையோடு 7.8 மீட்டர் ஆழம் என்று கொண்டால் 23.4 சதுர மீட்டர். இரண்டு கதவைச் சேர்த்தால் 46.8. பின்னால் 3க்கு 3 மீட்டரில் சமையல்–குளியல் அறை கட்டினால் 55.8, ஏறத்தாழ 600 சதுர அடி. அந்தப் பின்னறையைச் செங்கல்லில் தனி அடித்தளத்தோடு கட்டி, பலகை லயத்திலிருந்து 50 மில்லிமீட்டர் விட்டு, இடைவெளியை வளையும் தகடால் மூடுங்கள். ஒட்டிக் கட்டினால் ஈரச் சுவர் பலகையை அழுக வைக்கும், இரண்டும் வெவ்வேறு அளவில் இறங்கி இணைப்பு கிழியும்.

#8 பெரட்டுமணி

கணக்கு சரிதான், ஆனால் 36 கதவு 18 வீடாகும்போது மீதி 18 குடும்பம் எங்கே போகும்? இதைச் சொல்லாமல் திட்டத்தைக் கொண்டுபோனால் லயமே இரண்டாகப் பிளக்கும்.

மூன்றாவது வரிசைக்குப் பின்னாலுள்ள காலி நிலத்தில் 18 தரைவீடு. அதே கூரைச் சரிவு, முன்னால் அதே ஆழத் திண்ணை, இரண்டு வரிசைக்கும் நடுவே அதே அகல முற்றம். புதுவீட்டை முதலில் கட்டி முடித்து, சாவி கையில் வந்தபின் முதல் வரிசை ஆட்களை மாற்றி, காலியான வரிசையைப் பழுது பார்த்து, அடுத்த வரிசை. எவரும் ஒருமுறைக்கு மேல் மூட்டை தூக்கக்கூடாது. “தற்காலிகமாக” வெளியே வாடகைக்குப் போங்கள் என்ற யோசனைக்கு ஒப்பவே வேண்டாம். யாருக்கு எந்த வீடு, எந்த விலை, எந்தத் தேதி, தவறினால் என்ன இழப்பீடு என்பது வழக்கறிஞர் முன் கையெழுத்தாக வேண்டும், கதவுப் பதிவேடு அதன் இணைப்பாக இருக்க வேண்டும்.

#9 மேட்டுநிலம்

எல்லாரும் சுவரையும் கம்பத்தையும் பார்க்கிறீர்கள். பக்கத்தில் வரும் புதுத் திட்டத்தின் தரைமட்டத்தைப் பார்த்தீர்களா? பழைய குடியிருப்புகள் இடிக்கப்படாமலே சாவது பெரும்பாலும் தண்ணீரால். மேம்பாட்டாளர் தன் நிலத்தை ஒரு மீட்டர் மேடாக்குவார், சாலை ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயரும், லயம் குழிக்குள் போய்விடும். இரண்டு வெள்ளம் வந்தால் குடியிருப்பவர்களே போதும் என்று கிளம்பிவிடுவார்கள்.

மண்வேலை வரைபடத்தைக் கேட்டு வாங்கி, லயத்தின் தரைமட்டத்தையும் கோயில் வாசல் மட்டத்தையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் மஸ்மா கையேட்டின்படி திட்டத்துக்குப் பிந்திய உச்ச நீரோட்டம் முந்தியதைவிடக் கூடக்கூடாது. அதற்கு நீர்த்தேக்கக் குட்டை அவர்கள் நிலத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அது மண்வேலைக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். பின்பு என்றால் கட்டி முடிக்கும்வரை செம்மண் சேறு முழுவதும் உங்கள் லோங்காங்கில்தான் (சாக்கடையில்தான்). லயத்துக் கம்பங்களுக்கு இடையிலுள்ள அடிவெளியை யாரும் மண் கொட்டி நிரப்ப விடாதீர்கள், காற்று போகும் வழி அது.

அடுத்தது பைலிங், அதாவது அடித்தளத் தூண்களை மண்ணுக்குள் இறக்குவது. சுத்தியலால் அடித்து இறக்கும் பைல் வேண்டாம், அழுத்தி இறக்குவதையோ துளையிட்டு ஊற்றுவதையோ கேளுங்கள். ஜெர்மானிய டின் 4150 தரம் பழமையான கட்டடத்தின் அடித்தளத்துக்கு, குறைந்த அதிர்வெண்ணில், வினாடிக்கு 3 மில்லிமீட்டர் வரைதான் அனுமதிக்கிறது. அனுமதி நிபந்தனையில் இந்த எண்ணை எழுதவைத்தால் பிறகு வாதமே இல்லை, கருவி சொல்லும். வேலை தொடங்குமுன் கிராணி வீடு, கடை, கோயில் எல்லாவற்றுக்கும் விரிசல் பதிவு: ஒவ்வொரு விரிசலுக்கும் எண், அகலம், அளவுகோல் வைத்த படம், இரு தரப்புக் கையெழுத்து. இது இல்லையென்றால் “ஏற்கெனவே இருந்த விரிசல்” என்ற ஒரு பதிலோடு விஷயம் முடிந்துவிடும்.

#10 அளவைக்கல்

கோயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. கோயில் நிற்பது தோட்ட லாட்டுக்குள் என்றால், நிலத்தைத் துண்டாக்கும் கட்டத்திலேயே கோயிலுக்கும் அரசமரத்துக்கும் சேர்த்துத் தனி லாட் அளந்து பிரிக்கச் சொல்லுங்கள். அந்த லாட் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டால் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின் கீழ் வழிபாட்டு ஒதுக்கீடாக அரசிதழில் ஏற்றலாம், அல்லது பதிவு பெற்ற கோயில் சங்கத்தின் பெயருக்கு வழங்கலாம். சங்கப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும், ஆண்டறிக்கை தவறி ரத்தாகிக் கிடந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். லாட்டின் எல்லை கருவறைச் சுவரோடு முடியக்கூடாது. தீமிதிக் குழி, தேர் திரும்பும் இடம், பந்தல் போடும் இடம், சாலைக்கு வழி எல்லாம் உள்ளே வர வேண்டும். திருவிழா நாளில் அளந்து பாருங்கள், தேவையான பரப்பு அன்றைக்குத்தான் தெரியும்.

#11 உளியும்மட்டமும்

மூன்று வரிசையையும் காப்பாற்ற முடியாமல் போனால், நான்கு கதவையாவது எண்ணிட்டுப் பிரித்து வேறிடத்தில் நிறுத்தலாம் என்று ஒரு மாற்று யோசனை வைக்கிறேன். மரவீட்டில் இது நடக்கிற காரியம். கெடாவிலிருந்த பெங்ஹுலு அபு செமான் வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து கோலாலம்பூர் ஜாலான் ஸ்டோனரில் பாடான் வாரிசான் என்ற மரபுடைமை அமைப்பு நிறுத்தியிருக்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் அலுமினியத் தகட்டில் எண், 1:50 அளவில் வரைபடம், பொருத்துகளுக்கு 1:5. சுண்ணக்கட்டியில் எழுதிய எண் முதல் மழையில் போய்விடும்.

#12 பெரட்டுமணி

தம்பி, செய்முறை சரி. ஆனால் இந்த யோசனையை இப்போது மேசையில் வைக்காதீர்கள். நான்கு கதவுக் காட்சிசாலை என்ற சொல் காதில் விழுந்ததும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும், 32 கதவு போய்விடும். அபு செமான் வீடு தனி வீடு. லயம் என்பது வரிசை. பக்கத்துத் திண்ணையில் ஆள் இல்லாத லயத்தை நிறுத்திவைத்துக் காட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வரைபடம் மட்டும் இப்போதே எடுங்கள். அது எந்த முடிவுக்கும் பயன்படும், தீப்பிடித்தாலும் உதவும்.

#13 உளியும்மட்டமும்

ஏற்கிறேன் அண்ணே. வரைபடத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

#14 சுண்ணாம்புக்காளவாய்

கடைவரிசைக்கு மூன்று எச்சரிக்கை.

ஒன்று, முகப்பு மட்டும் போதும் என்ற பேரம். முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் எட்டு மாடி எழுப்பினால் உள்முற்றமும் காற்றுக்கிணறும் போய், பக்கத்துக் கடையோடு பொதுவான பழைய பங்குச் சுவர் இரண்டு பக்கமும் பிடிமானமின்றி நிற்கும். உலக மரபுடைமைத் தலமான ஜோர்ஜ்டவுனைச் சுற்றியுள்ள இடைவளையப் பகுதியில்கூட 18 மீட்டர் உயர வரம்பு இருக்கிறது, அப்படி ஒரு வரம்பை உங்கள் சிறப்புப் பகுதித் திட்டத்திலும் எழுதக் கேளுங்கள்.

இரண்டு, பறவைக்கூடு, அதாவது விற்பனைக்குக் கூடு எடுக்கக் கடைமாடியில் பறவை வளர்ப்பது. மாடிச் சன்னலைச் செங்கல்லால் அடைத்து, உள்ளே ஈரத்தை ஏற்றி வைத்தால் பலகைத் தளமும் சுண்ணாம்புப் பூச்சும் சில வருடத்தில் மக்கிவிடும். எச்சத்தின் உப்பு வேறு. வாடகை ஒப்பந்தத்திலேயே தடை எழுதுங்கள்.

மூன்று, வாடகை. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களைக் காத்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலமும் 1999 இறுதியில் முடிந்தது. பிறகு ஜோர்ஜ்டவுனில் கட்டடம் நின்றது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். கடையைப் பழுது பார்க்க மானியமோ வரிச்சலுகையோ கேட்கும்போது, பழைய வாடகைக்காரருக்கு இத்தனை வருட ஒப்பந்தம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக் கேளுங்கள்.

ஓடு மாற்ற வேண்டியிருந்தால் முதலில் எண்ணுங்கள். மார்செய் வகை ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15. கடை 6க்கு 18 மீட்டர், சரிவு 30 பாகை என்றால் கூரைப் பரப்பு ஏறத்தாழ 125, ஓடு 1,875. உடைசலுக்குப் பத்து விழுக்காடு கூட்டுங்கள். இறக்கும்போது அடிப்பக்க முத்திரையைப் பார்த்துப் பிரித்து அடுக்குங்கள். தேனீ முத்திரை பிரான்சு ஓடும் மங்களூர் பாசல் மிஷன் ஓடும் ஒரே கூரையில் கலந்திருந்தால், பள்ளம் சரியாகப் பூட்டாது, மழை ஒழுகும். ஒரே ஆலை ஓட்டைச் சாலைப் பக்கச் சரிவுக்கும், கலப்பைப் பின்பக்கத்துக்கும் போடுங்கள்.

#15 லயத்துவாசல்

எல்லாருக்கும் நன்றி. ஆட்சேபக் கடிதம், தேடல், கதவுப் பதிவேடு, விரிசல் பதிவு, மட்ட அளவை என்று ஐந்து குழுவாகப் பிரிக்கிறோம். இரண்டு சந்தேகம் மீதி. இரண்டாவது வரிசைக் கூரை தகரம் அல்ல, சாம்பல் நிற அலைத்தகடு, ஆஸ்பெஸ்டாஸ் என்று தோன்றுகிறது. கிணறு இப்போது பயனில் இல்லை, அதைப் பதிவில் சேர்க்க வேண்டுமா?

#16 மேட்டுநிலம்

ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். அறுக்காதீர்கள், துளைக்காதீர்கள், மேலே ஏறி நடக்காதீர்கள், நீர்ப்பீச்சி அடித்துப் பாசி கழுவாதீர்கள். உடையாத தகடு அப்படியே இருந்தால் அபாயம் குறைவு. மாற்றும் நாள் வரும்போது தகட்டை நனைத்து, ஆணியைத் தளர்த்தி, முழுத் தகடாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றி ஒட்டி எழுதிவையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூளும் நாரும் 2005ஆம் ஆண்டு விதிகளில் எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணுள்ள பட்டியலிட்ட கழிவு, ஊர்க் குப்பையில் போடக்கூடாது. வேலை செய்பவருக்குச் சாதாரணத் துணி முகமூடி போதாது. அன்றைக்கு அந்த வரிசையில் பிள்ளைகள் யாரும் இருக்கக்கூடாது.

கிணற்றைக் கட்டாயம் சேருங்கள். உட்புற விட்டம், மொத்த ஆழம், தண்ணீர் மட்டம், வளையம் செங்கல்லா காங்கிரீட்டா. தண்ணீர் மட்டத்தை மாதம் ஒருமுறை, கயிற்றில் ஈயக் குண்டு கட்டி, ஒரே இடத்திலிருந்து அளந்து எழுதுங்கள். பக்கத்தில் அடித்தளம் தோண்டி நீர் இறைக்கத் தொடங்கினால் முதலில் இறங்குவது இந்த மட்டம்தான். அது சட்டென்று இறங்கிய வாரம் கிராணி வீட்டு விரிசல்களையும் போய்ப் பாருங்கள். வாய்க்கு இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டுங்கள், அடியில் கொசுவலை. இடிபாட்டைக் கொட்டி மூட மட்டும் யாரையும் விடாதீர்கள்.